ஓசை எழுப்பாத இசைக்கலைஞர்: கிரில் கொண்ட்ராஷின்

மேல்நாட்டுச் சிம்பொனி இசைக்குழு ஒன்றில் நூறு பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வயலின் வாசிப்போர் முப்பது பேர் இருப்பார்கள். குழல், கொம்பு, எக்காளம், முரசு என்று மற்றவர்கள் இருப்பார்கள். நூறு பேரும் ஓசை எழுப்புகிறார்கள். அவர்களுக்கு எதிரே, அவையோருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர் மட்டும் எந்த ஓசையும் எழுப்புவதில்லை. ஆனால், விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் இருப்பது அவர் பெயர்தான். இது என்ன நியாயம் என்று நமக்குத் தோன்றலாம்.

நம்முடைய கச்சேரி மேடையில் இப்படி ஒருவர் கிடையாது. பாடகரே தொடையில் தாளம் போட்டுக்கொள்கிறார். மிருதங்கக்காரர் அவர் முகத்தைப் பார்த்தே வாசித்துவிடுகிறார். நான்கைந்து பேருக்கு அது போதும். நூறு பேருக்குப் போதாது. ஆகவே, இவர்களை ஒருங்கிணைக்க ஒருவர் வேண்டும். ஆங்கிலத்தில் இவரைக் 'கண்டக்டர்' என்கிறார்கள். பேருந்தில் டிக்கெட் கொடுப்பவருக்கும் அதே பெயர்தான். அதனால் நாம் இவரை இசை நடத்துநர் என்றே அழைப்போம். முப்பது வரிகளில் எழுதப்பட்ட இசையை ஒரே பார்வையில் படிப்பது, வேகத்தை வகுப்பது, எக்காளம் வயலினை விழுங்கிவிடாமல் காப்பது, நாள்கணக்கில் ஒத்திகை நடத்துவது, இவையெல்லாம் அவர் வேலை. இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. எந்த இசையை மேடைக்குக் கொண்டுவருவது என்று தேர்ந்தெடுக்கும் வேலை அது.

சோவியத் நாட்டில் இந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அதைச் செய்து காட்டிய ஒருவரைப் பற்றித்தான் நாம் இன்று பேசப்போகிறோம். அவர் பெயர் கிரில் கொண்ட்ராஷின்.

கொண்ட்ராஷின் 1914ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் மாஸ்கோவில் பிறந்தார். பெற்றோர் இசைக்குழுக்களில் வாசித்தவர்கள். அதாவது, ஒத்திகையும் வாத்தியமும் அந்த வீட்டில் அன்றாடச் சோறு. பதினேழாம் வயதிலேயே, 1931இல், மாஸ்கோவின் சிறுவர் அரங்கில் முதன்முதலாக இசை நடத்தினார். பிறகு மாஸ்கோ இசைக்கல்லூரியில் போரிஸ் கைக்கின் என்ற ஆசிரியரிடம் பயின்று, 1936இல் வெளிவந்தார். அடுத்த சில ஆண்டுகள் லெனின்கிராடில் மாலி இசைநாடக அரங்கில் வேலை. போர் மூண்டதும் அந்த அரங்கம் ஓரென்பர்க் நகருக்கு இடம் பெயர்ந்தது. 1943இல் மாஸ்கோவின் புகழ்பெற்ற போல்ஷோய் அரங்கம் அவரை அழைத்துக்கொண்டது. 1956 வரை அங்கே பணி. 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் ஸ்டாலின் பரிசும் கிடைத்தது. 1941 முதல் கட்சி உறுப்பினர்.

இவ்வளவையும் கேட்டால் அரசாங்கத்திற்கு வேண்டிய, ஒழுங்கான, மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரு கலைஞரின் வரலாறாகத்தான் தெரியும். அது உண்மையும்கூட. கொண்ட்ராஷின் கலகக்காரராகப் பிறந்தவர் அல்லர்.

அந்நாட்டில் இசையின் நிலை எப்படி இருந்தது என்பதைச் சற்றுப் பார்த்துக்கொண்டால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும். சோவியத் அரசு இசைக்குப் பணத்தை வாரி இறைத்தது. நகரங்கள்தோறும் இசைக்கழகங்கள் இருந்தன. வாசிப்பவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது. சாதாரணத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் நுழைவுச்சீட்டு கிடைத்தது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் சம்பளம் கொடுத்த கையே கடிவாளத்தையும் பிடித்திருந்தது. எந்த இசை மக்களுக்கு நல்லது, எது தீயது என்பதைக் கட்சி முடிவு செய்தது. 1936ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் வெளிவந்த 'பிராவ்தா' நாளிதழ், திமித்ரி ஷோஸ்டகோவிச் என்ற இளம் இசையமைப்பாளரின் இசைநாடகத்தை, இசையே அல்ல, வெறும் குழப்பம் என்று சாடிற்று. இரண்டு ஆண்டுகளாக அரங்குகளில் வெற்றிகரமாக நடந்துவந்த நாடகம் அது. கட்டுரையில் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாத கட்டுரை என்றால் கட்சியின் குரல் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். ஆட்கள் இரவில் காணாமற்போய்க்கொண்டிருந்த காலம்.

அந்தக் கட்டுரை வந்தபோது ஷோஸ்டகோவிச் தமது நான்காவது சிம்பொனியைப் பாதி எழுதி வைத்திருந்தார். நிறுத்தவில்லை, எழுதி முடித்தார். நூற்றுக்கு மேற்பட்டோர் வாசிக்க வேண்டிய, ஒரு மணி நேரம் நீளும் பெரும்படைப்பு. லெனின்கிராடில் ஒத்திகைகள் நடந்தன. 1936 டிசம்பரில், அரங்கேற்றத்திற்குச் சில நாள் இருக்கையில், படைப்பு திரும்பப் பெறப்பட்டது. இசையமைப்பாளரே விரும்பித் திரும்பப் பெற்றார் என்று அறிவிக்கப்பட்டது. எப்படிப்பட்ட விருப்பம் அது என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். மறு ஆண்டு ஐந்தாவது சிம்பொனி வந்தது. அதன் அரங்கேற்றத்தை நடத்தியவர் யெவ்கெனி ம்ராவின்ஸ்கி என்ற லெனின்கிராட்டுக்காரர். அது பெருவெற்றி பெற்றது; ஷோஸ்டகோவிச் தப்பினார். நான்காவது சிம்பொனி மட்டும் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

ம்ராவின்ஸ்கியை இங்கே அறிமுகப்படுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. ஷோஸ்டகோவிச்சின் ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு ஆகிய ஆறு சிம்பொனிகளை அரங்கேற்றியவர் அவர். எட்டாவது சிம்பொனி அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக் காலம் ஒரே இசைக்குழுவைக் கட்டி ஆண்ட மாமேதை. அவர் பெயர் மீண்டும் வரும்.

கொண்ட்ராஷினின் பெயர் உலகத்திற்குத் தெரியவந்தது 1958இல். ஒரு வகையில் பார்த்தால் அது ஓர் அமெரிக்கப் பையனின் புண்ணியம். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தது. வானத்தை வென்ற நாடு இசையிலும் வெல்ல வேண்டுமல்லவா? அடுத்த ஆண்டே மாஸ்கோவில் முதலாவது சாய்க்கோவ்ஸ்கி அனைத்துலகப் போட்டி கூட்டப்பட்டது. பியானோவில் ஒரு ரஷ்யர் வெல்வார் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். டெக்சாஸிலிருந்து வந்த 23 வயது வான் கிளைபர்ன் என்ற நெட்டை இளைஞர் வாசித்தார். மாஸ்கோ மக்கள் மயங்கிப்போனார்கள். அமெரிக்கருக்கு முதற்பரிசு கொடுக்கலாமா என்று நடுவர்கள் மேலிடத்தைக் கேட்க, அவர்தான் சிறந்தவரென்றால் அவருக்கே கொடுங்கள் என்று குருஷ்சேவ் சொன்னதாக ஒரு கதை உண்டு. இறுதிச் சுற்றில் அந்த இளைஞருக்குப் பின்னே இசைக்குழுவை நடத்தியவர் கொண்ட்ராஷின்.

கிளைபர்ன் ஒரு காரியம் செய்தார். ஊர் திரும்பிக் கச்சேரி செய்வதானால் அதே நடத்துநர்தான் வேண்டும் என்றார். ஆகவே 1958 மே மாதம் கொண்ட்ராஷின் நியூயார்க்கில் இறங்கினார். பனிப்போர் தொடங்கிய பிறகு அமெரிக்காவில் இசை நடத்திய முதல் சோவியத் நடத்துநர் அவரே. மே 19ஆம் நாள் கார்னகி மண்டபத்தில் கச்சேரி நடந்தது. மறுநாள் நியூயார்க் வீதியில் கிளைபர்னுக்குக் காகிதமழை ஊர்வலம். அதிபர் ஐசனோவர் வெள்ளை மாளிகையில் வரவேற்றார். அப்போது இருவரும் சேர்ந்து பதிவு செய்த சாய்க்கோவ்ஸ்கியின் முதலாவது பியானோ கான்சர்டோ இசைத்தட்டு, பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. செவ்வியல் இசையில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் நீளிசைத்தட்டு அதுதான். அட்டையில் கிளைபர்ன் படம் பெரியது. கொண்ட்ராஷின் பெயர் சிறியது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. துணை நின்று பிறரை ஒளிரவைப்பது அவருக்குக் கைவந்த கலை. ஓய்ஸ்ட்ராக், ரிக்டர் போன்ற பெருங்கலைஞர்கள் அவரோடு வாசிக்க விரும்பியதற்குக் காரணமும் அதுவே.

1960இல் மாஸ்கோ ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் தலைமை அவருக்குக் கிடைத்தது. இனி எதை வாசிப்பது என்பதில் அவருக்கும் ஒரு சொல் உண்டு. கிடைத்த அதிகாரத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதில்தான் மனிதர் தெரிகிறார்.

முதலில், கால் நூற்றாண்டாகக் கிடப்பில் கிடந்த அந்த நான்காவது சிம்பொனி. அதன் மூலக் கையெழுத்துப் பிரதி போர்க்காலத்தில் தொலைந்துபோயிருந்தது. நல்லவேளையாக, 1936இல் ஒத்திகைக்காக ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனியே எழுதிக் கொடுத்த தாள்கள் லெனின்கிராடில் ஒரு நூலகத்தில் கிடைத்தன. உடைந்த பானையின் ஓடுகளைப் பொருத்துவதுபோல அவற்றை ஒன்றாய்ப் பொருத்தி முழுப் படைப்பையும் மீட்டார்கள். ஷோஸ்டகோவிச் ஒரு சுரத்தையும் மாற்ற வேண்டியதில்லை என்றார். 1961ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், மாஸ்கோ இசைக்கல்லூரியின் பெரிய மண்டபத்தில், கொண்ட்ராஷின் அதை நடத்தினார். முப்பது வயதை எட்டாத ஒருவர் எழுதியதை அவருடைய 55ஆம் வயதில்தான் உலகம் கேட்டது. இடையில் எட்டு சிம்பொனிகளை எழுதிவிட்டிருந்தார். ஐந்தாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அவர் எழுதியவற்றை, நான்காவது என்ன என்று தெரியாமலே மக்கள் கேட்டு வந்திருந்தார்கள்.

இதுவாவது பழைய கணக்கைத் தீர்த்த செயல். ஸ்டாலின் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய குற்றங்களைக் கட்சியே ஒப்புக்கொண்டிருந்தது. அதனால் ஆபத்து அதிகமில்லை. அடுத்த ஆண்டு நடந்தது அப்படிப்பட்டதன்று.

கீவ் நகரத்தின் ஓரத்தில் பாபி யார் என்று ஒரு பள்ளத்தாக்கு. 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாள்களில் நாஜிப் படையினர் அங்கே 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர்களே எழுதிவைத்த கணக்கு இது. போர் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தும் அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல்கூட இல்லை. யூதர்கள் யூதர்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள் என்று சொல்ல சோவியத் அரசு விரும்பவில்லை. ஏனென்றால், அதைச் சொன்னால் தன் நாட்டிலேயே யூதர் மீதிருந்த வெறுப்பைப் பற்றியும் பேச்சு வரும். 1961 செப்டம்பரில் யெவ்கெனி யெவ்துஷென்கோ என்ற இளங்கவிஞர் அதைப் பற்றியே ஒரு கவிதை எழுதி அச்சிலும் ஏற்றிவிட்டார். கவிதையைப் படித்த ஷோஸ்டகோவிச் அதற்கு இசையமைத்தார். பிறகு அதே கவிஞரின் இன்னும் நான்கு கவிதைகளைச் சேர்த்து, கனத்த ஆண்குரலில் ஒரு தனிப்பாடகர், அதே குரலில் ஒரு பாடகர் குழு, இவர்களோடு முழு இசைக்குழு என்று ஐந்து பகுதிகளில் தமது பதின்மூன்றாவது சிம்பொனியை 1962 ஜூலையில் முடித்தார். முதற்பகுதி பாபி யார். மற்றவற்றில் ஒன்று கடைவரிசையில் காத்து நிற்கும் பெண்களைப் பற்றியது. ஒன்று அச்சத்தைப் பற்றியது. கடைசிப் பகுதியில் கலீலியோ வருகிறார்.

வழக்கம்போல ஷோஸ்டகோவிச் ம்ராவின்ஸ்கியை நாடினார். ம்ராவின்ஸ்கி ஏற்கவில்லை. மனைவி நோயுற்றிருந்தார் என்பார்கள். குரலோடு கூடிய இசை அவருக்குப் பழக்கமில்லை என்பார்கள். அஞ்சினார் என்றும் சொல்வார்கள். எது காரணமாயினும், இருபத்தைந்து ஆண்டு நட்பில் விரிசல் விழுந்தது. கீவ் நகரத்துப் பெரும்பாடகர் போரிஸ் க்மிரியாவும் மறுத்துவிட்டார். அப்போது ஷோஸ்டகோவிச் கொண்ட்ராஷினிடம் வந்தார். கொண்ட்ராஷின் ஒப்புக்கொண்டார்.

அவர் செய்த முதற்காரியத்திலேயே அனுபவம் தெரிகிறது. போல்ஷோய் அரங்கின் விக்டர் நெச்சிபைலோ என்பவரைத் தனிப்பாடகராக வைத்துக்கொண்டார். கூடவே விதாலி க்ரோமாட்ஸ்கி என்ற இன்னொருவரையும் மாற்றாளாகத் தயார் செய்து வைத்தார். குடை எடுத்துப் போனால் மழை வராது என்பார்கள். இங்கே மழை வந்தது.

அந்த டிசம்பர் மாதம் முழுவதும் காற்று எதிர்த்திசையில் அடித்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 1ஆம் நாள் மாஸ்கோவில் ஓவியக் கண்காட்சிக்குப் போன குருஷ்சேவ், புதுப்பாணி ஓவியங்களைக் கண்டு கொதித்து வாயில் வந்தபடி ஏசினார். டிசம்பர் 17ஆம் நாள் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் கூட்டி வைத்து எச்சரித்தார். யெவ்துஷென்கோவின் கவிதையும் அங்கே பேச்சில் வந்தது. சிம்பொனியின் அரங்கேற்றமோ மறுநாள், 18ஆம் நாள்.

18ஆம் நாள் காலையில் முழு ஒத்திகை. நெச்சிபைலோ வரவில்லை. அன்று மாலை போல்ஷோயில் அவர் பாட வேண்டியிருக்கிறதாம், திடீர் ஏற்பாடு. க்ரோமாட்ஸ்கியைக் கொண்டு ஒத்திகை தொடர்ந்தது. நடுவில் கொண்ட்ராஷினுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ரஷ்யக் குடியரசின் கலாசார அமைச்சர். கொண்ட்ராஷின் பின்னாளில் கூறியபடி, அமைச்சர் முதலில் உடல்நலம் விசாரித்தார். இன்று மாலை நடத்துவதற்குத் தடை ஏதும் இல்லையே என்றார். அந்தப் படைப்பைப் பற்றி அரசியல் ஐயம் ஏதும் உங்களுக்கு இல்லையா என்றார். கடைசியில், முதற்பகுதியை விட்டுவிட்டு நடத்த முடியாதா என்று கேட்டார்.

இந்த உரையாடலைச் சற்று நின்று கவனிப்பது நல்லது. அமைச்சர் தடை விதிக்கவில்லை. மிரட்டவும் இல்லை. உடம்புக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். கொண்ட்ராஷின், தலைவலி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கச்சேரி தானாக நின்றிருக்கும். அவர் மீது யாரும் பழி சொல்லியிருக்க மாட்டார்கள். பதவியும் பத்திரமாக இருந்திருக்கும். அந்தக் கதவை அவருக்காகத் திறந்தே வைத்திருந்தார்கள். அவர் நுழையவில்லை. முடியாது, முதற்பகுதி இல்லாவிட்டால் படைப்பின் உருவமே கெடும். அது இருப்பது ஊருக்கெல்லாம் தெரியும், எடுத்துவிட்டால் வீண் பேச்சுத்தான் கிளம்பும் என்று பதில் சொன்னார். அமைச்சர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, உங்களுக்குத் தோன்றியபடி செய்யுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. வெளியே காவலர்கள் நின்றார்கள். அரசாங்கத்தாருக்கு ஒதுக்கிய இருக்கைகள் காலி. பாடல்களை அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம், அன்று கொடுக்கவில்லை. தொலைக்காட்சி ஒளிபரப்பும் கைவிடப்பட்டது. முதற்பகுதி முடிந்ததும், பகுதிகளுக்கு நடுவே கைதட்டக் கூடாது என்ற மரபையும் மறந்து மக்கள் தட்டினார்கள். முடிவில் எழுந்த ஆரவாரம் அடங்க நெடுநேரம் ஆயிற்று. மறுநாள் 'பிராவ்தா'வில் ஒரே ஒரு வரி: பதின்மூன்றாவது சிம்பொனி அரங்கேறியது. அவ்வளவுதான். புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. 20ஆம் நாள் இரண்டாம் முறையும் நடந்தது.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொண்டால் கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டும். தொடர்ந்து கச்சேரி நடக்க வேண்டுமானால் சொற்களை மாற்றுங்கள் என்று மேலிடம் கூறிற்று. யெவ்துஷென்கோ பாபி யார் கவிதையில் சில அடிகளை மாற்றிக் கொடுத்தார். அங்கே ரஷ்யரும் உக்ரேனியரும் சேர்ந்தே மாண்டார்கள், பாசிசத்தைத் தடுத்து நிறுத்தியது ரஷ்யா என்ற கருத்துகள் புகுந்தன. 1963 பிப்ரவரியில் கொண்ட்ராஷின் மாற்றிய சொற்களோடு அதை நடத்தினார். பின்னர் இசைத்தட்டுக்குப் பதிவு செய்ததும் அந்தச் சொற்களோடுதான். ஷோஸ்டகோவிச்சோ தம் கையெழுத்துப் பிரதியில் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை.

இதனால் கொண்ட்ராஷினின் துணிவு குறைந்துபோகிறதா? குறையவில்லை என்றே நாம் கருதுகிறோம். ஒலிக்காத இசை காகிதத்தில் கிடக்கும் மை மட்டுமே. நான்காவது சிம்பொனி 25 ஆண்டுகள் அப்படிக் கிடந்ததை அவர் கண்ணால் கண்டவர். பத்து அடிக்கும் குறைவான மாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு ஒரு மணி நேர இசையை உயிரோடு காப்பது ஒரு நடத்துநருக்கு நியாயமாகப் பட்டிருக்கும். வீட்டில் இருந்துகொண்டு இதைக் குறை சொல்வது எளிது. எனினும், அவர் மனத்தில் அது ஒரு முள்ளாகத் தைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவைப் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் உழைப்பின் ஆண்டுகள். 1964 டிசம்பரில் ஷோஸ்டகோவிச்சும் யெவ்துஷென்கோவும் மீண்டும் சேர்ந்து படைத்த 'ஸ்தெப்பான் ராசின் மரணதண்டனை' என்ற படைப்பையும், 1967இல் ஓய்ஸ்ட்ராக் வாசித்த இரண்டாவது வயலின் கான்சர்டோவையும் கொண்ட்ராஷினே அரங்கேற்றினார். ஷோஸ்டகோவிச்சின் பதினைந்து சிம்பொனிகளையும் பதிவு செய்தார். உலகில் எந்த நடத்துநரும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் பெரும்படைப்புகளை சோவியத் மக்கள் காதில் போட்டவர்களில் முதன்மையானவர் அவரே. மேடையில் ஆட்டபாட்டம் இல்லாதவர், ஒத்திகையில் கறாரானவர். தம் கலையைப் பற்றி 'நடத்துநரின் உலகம்' என்று ஒரு நூலும் எழுதினார். 1972இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர் என்ற பட்டம் கிடைத்தது. அதற்கு மேல் ஒரு கலைஞருக்குக் கொடுக்க அந்நாட்டில் பட்டம் இல்லை.

1975இல் மாஸ்கோ ஃபில்ஹார்மோனிக்கை விட்டு விலகினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஷோஸ்டகோவிச் காலமானார். அதன் பின் வெளிநாட்டுக் குழுக்களோடு கச்சேரி செய்வது மிகுந்தது. வெளிநாடு போவதென்றால் நினைத்தபோது போக முடியாது. கோஸ்கான்சர்ட் என்ற அரசு நிறுவனம் அனுமதிக்க வேண்டும். எந்த ஊர், எந்தக் குழு, எத்தனை நாள் என்பதை அதுவே முடிவு செய்யும். கிடைக்கும் ஊதியத்தில் பெரும்பகுதியையும் அதுவே எடுத்துக்கொள்ளும். அறுபது வயதைக் கடந்த, உலகம் அறிந்த ஒரு கலைஞர் ஒவ்வொரு முறையும் மேசைக்கு முன்னே நின்று விண்ணப்பம் போட வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் கான்செர்ட்கெபௌ இசைக்குழுவோடு 1968 முதலே அவருக்குத் தொடர்பு இருந்தது. உலகின் தலைசிறந்த குழுக்களில் ஒன்று அது. 1978 டிசம்பரில் அங்கே கச்சேரிக்காகப் போனவர், மாஸ்கோவுக்குத் திரும்பாமல் நெதர்லாந்தில் புகலிடம் கேட்டார். அப்போது அவருக்கு வயது 64. குடும்பம், வீடு, வாழ்நாளெல்லாம் சேர்த்த இசைத்தாள்கள் எல்லாம் மாஸ்கோவில். செல்லிஸ்ட் ரொஸ்திரொபோவிச் 1974இலும், நடத்துநர் பர்ஷாய் 1977இலும் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். ஆனால் கட்சி உறுப்பினராகவும், மக்கள் கலைஞராகவும், நாற்பதாண்டுக் காலம் அந்த அமைப்புக்குள்ளேயே வளர்ந்தவராகவும் இருந்த ஒருவர், ஓய்வெடுக்கும் வயதில் இப்படிச் செய்வார் என்று யாரும் நினைக்கவில்லை.

சோவியத் நாடு என்ன செய்தது? குரல் கொடுத்தவரின் குரலை எடுத்தது. கொண்ட்ராஷினின் இசைத்தட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன. அவர் பெயர் வானொலியில் வருவது நின்றது. கிடப்பில் கிடந்த ஒரு சிம்பொனியை மேடையேற்றியவரின் பதிவுகள் இப்போது தாமே கிடப்பில் போடப்பட்டன. நூறு பேர் வாசித்த இசைத்தட்டு, ஓசையே எழுப்பாத அந்த ஒருவருக்காகத் தண்டிக்கப்பட்டது என்பது வேடிக்கைதான்.

ஆம்ஸ்டர்டாமில் அவருக்கு நிலையான விருந்தினர் நடத்துநர் என்ற பதவி கிடைத்தது. தலைமை நடத்துநர் பெர்னார்ட் ஹைட்டிங்க்கோடு இணைந்து பணியாற்றினார். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலிருந்து அழைப்புகள் வந்தன. 1979இல் அவர் பதிவு செய்த ரிம்ஸ்கி கோர்சகோவின் 'ஷெஹரசாத்' இன்றும் ரசிகர்கள் தேடிக் கேட்கும் பதிவு. டச்சு வானொலி அவருடைய கச்சேரிகள் பலவற்றை மண்டபத்திலேயே ஒலிப்பதிவு செய்து வைத்தது. அவை பின்னர் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. ஜெர்மனியின் பவேரிய வானொலி இசைக்குழு 1982 முதல் தலைமை ஏற்க அவரை அழைத்தது. புதிய வாழ்க்கை தொடங்குவதாகத்தான் தோன்றியது.

1981 மார்ச் 6ஆம் நாள் அவருக்கு 67 வயது நிறைந்தது. மறுநாள் ஆம்ஸ்டர்டாமில் ஹாம்பர்க் வானொலி இசைக்குழுவின் கச்சேரி. அதை நடத்த வேண்டிய கிளவுஸ் டென்ஸ்டெட்டால் முடியாமற்போகவே, மாலர் எழுதிய முதலாவது சிம்பொனியை நடத்தித் தர வேண்டுமென்று கடைசி நேரத்தில் கொண்ட்ராஷினைக் கேட்டார்கள். புதிய குழு, ஒத்திகைக்கு நேரமில்லை. ஆனால் அந்த இசை அவருக்கு மனப்பாடம். உடல்நிலையைக் காரணம் காட்டி மறுத்திருக்கலாம். இம்முறையும் அவர் அதைச் செய்யவில்லை. மேடையேறி நடத்தி முடித்தார். அன்றிரவே மாரடைப்பால் காலமானார்.

அடுத்த மாதம், ஷோஸ்டகோவிச்சின் மகன் மக்சீமும் மேற்கு ஜெர்மனியில் புகலிடம் கேட்டார். அவரும் இசை நடத்துநர்தான்.

ஆம்ஸ்டர்டாமில் 1984இல் இளம் நடத்துநர்களுக்காகக் கொண்ட்ராஷின் பெயரில் ஒரு போட்டி தொடங்கப்பட்டது. கோர்பச்சோவ் காலத்தில் சோவியத் நாட்டிலும் கதவுகள் திறந்தன. இசையையும் வாழ்க்கையையும் பற்றி அவர் சொல்லி வைத்த நினைவுகள் 1989இல் நூலாக வந்தன. அச்சிட்ட இடம் மாஸ்கோ. 1962 டிசம்பரில், சொற்கள் மாற்றப்படுவதற்கு முன் நடந்த பதின்மூன்றாவது சிம்பொனியின் ஒலிப்பதிவும் பிறகு வெளிவந்தது. க்ரோமாட்ஸ்கியின் கனத்த குரலையும், பாடகர் குழுவையும், மண்டபத்தில் யாரோ இருமுவதையும் அதில் நாம் இன்று கேட்கலாம்.